வயிற்றில் பிள்ளை இல்லாதவளுக்கும் வயிறு வலிக்கும்

மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் ஸ்கேன் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். "ஸ்கேன்: செவ்வாய், வெள்ளி. கர்ப்பிணிகளுக்கு மட்டும். மற்றவர்கள் வெளியில் எடுத்து வரவும்." யார் உத்தரவு என்று அதில் இல்லை. ஆனாலும் அரசாணை மாதிரிதான் அது நடக்கிறது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, கர்ப்பமில்லாத பெண்களுக்கும் அந்த அறையைத் திறந்துவிடச் சொல்லத்தான் இந்த மடல்.

மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. வெண்ணாற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் ஜெராக்ஸ் கடையும் கணினியும் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பயிர்க் காப்பீடு, வாரிசுச் சான்று என்று எதுவானாலும் வருவார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஞாயிறு சாயங்காலமே பெஞ்சில் இடம் பிடித்துவிடுவார்கள். இந்த விஷயத்தையும் முறைப்படி 'பொருள்', 'பார்வை' எல்லாம் போட்டு மனுவாகக் கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு வந்தது. சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பியாயிற்று என்று செல்போனில் செய்தி வந்தது. கொஞ்ச நாள் கழித்து, மனு முடித்துவைக்கப்பட்டது என்று இன்னொரு செய்தி. எதை முடித்தார்கள் என்று மட்டும் தெரியவில்லை. அதனால் இந்தத் தடவை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

எனக்கு வலது சினைப்பையில் நீர்க்கட்டி. வயது 33, கல்யாணம் ஆகவில்லை. கல்யாண விவரம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் மருத்துவமனைகளில் பெண்கள் பிரிவு ஓ.பி.யில் முதல் கேள்வியே அதுதான். எங்கே வலிக்கிறது என்பது இரண்டாவது கேள்வி, அதுவும் சில நாள்தான். "கல்யாணம் ஆச்சா? எத்தன கொழந்த?" என்று வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி கேட்பார்கள். இல்லை என்றால், சீட்டு எழுதுகிறவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். ஊருக்குள் அடுத்த வாரம் அந்தப் பார்வைக்கு ஒரு கதை முளைக்கும். இதற்குப் பயந்தே மெடிக்கல் ஷாப்போடு நின்றுவிடுகிற பெண்கள் எங்கள் பக்கம் ஏராளம்.

வலியைப் பற்றி விவரமாகவே எழுதுகிறேன். எழுதாவிட்டால் அது 'லேசான அடிவயிற்று வலி' என்று சீட்டில் ஒரு வரியாகிவிடும். பாதி நாள் வலி என்று சொல்ல முடியாது. வலது பக்கம், இடுப்பெலும்புக்கு உள்ளே ஒரு கனம் மட்டும் இருக்கும். படி இறங்கினால் தெரியும், குனிந்து ஜெராக்ஸ் மிஷினில் பேப்பர் வைத்தால் தெரியும். மாதவிலக்குக்கு முந்தின வாரம் அந்தக் கனம் வலியாகத் திரும்பும். தொடை வரைக்கும் இழுக்கும், நடு இடுப்பு விண்விண் என்று தெறிக்கும். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் முட்டுகிற மாதிரியே இருக்கும். டவுன் பஸ்ஸில் பின் சீட்டில் உட்காருவதை விட்டுவிட்டேன். எங்கள் ரோட்டில் வேகத்தடை எங்கெங்கே இருக்கிறது என்பதை டிரைவர் மறந்தாலும் என் அடிவயிறு மறக்காது. சில சமயம் காரணமே இல்லாமல் சுருக்கென்று ஒன்று வரும். அப்போது பேச்சு வராது. எதிரே உட்கார்ந்திருப்பவர் சர்வே நம்பர் சொல்லிக்கொண்டே இருப்பார், என் விரல் கீபோர்டில் அப்படியே நிற்கும்.

கடையில் மேசைக்கடியில் மடியில் எப்போதும் ஒரு ஸ்டீல் பாட்டில் இருக்கும். வெந்நீர் ஊற்றி, துண்டைச் சுற்றி, வலது பக்கம் அணைத்து வைத்துக்கொள்வேன். சூடு ஆறினால் பக்கத்து டீக்கடை அக்கா கேட்காமலே மறுபடி நிரப்பித் தருவார். இது எனக்குக் கேட்கிறது. வலி ஒன்றும் போய்விடாது, நாலு மனு அடிக்கிற அளவுக்குத் தளரும். இடது பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, நடுவில் தலையணை வைத்துப் படுத்தால் தூக்கம் வருகிறது. மலச்சிக்கல் இருந்தால் வலி இரட்டிப்பாகிறது என்பதால் சாப்பாட்டில் கீரையும் வாழைத்தண்டும் கூடியிருக்கின்றன. அம்மா இதைச் சூடு என்கிறாள். வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கச் சொல்வாள், ராத்திரி தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பாள். அதில் கெடுதல் ஒன்றுமில்லை, வைக்கட்டும். ஆனால் குடலேத்தம் என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை அழுத்தி நீவிவிடுகிற கிழவி ஒருத்தி இருக்கிறாள். கட்டி இருக்கிற வயிற்றை அப்படி அழுத்தவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்காத வீடுகள் எத்தனையோ.

மெடிக்கல் ஷாப் கதை தனி. "வயித்து வலி, லேடீஸ் மாத்திர" என்று சொன்னால் போதும், கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். மெஃபனாமிக் ஆசிட் சேர்ந்த மாத்திரை அது. சட்டப்படி டாக்டர் சீட்டு வேண்டும். 2023 நவம்பரில் மருந்துகளின் தரத்தையும் பாதுகாப்பையும் கவனிக்கிற இந்திய மருந்தியல் ஆணையம் அந்த மருந்தைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அரிதாகச் சிலருக்கு உடம்பெல்லாம் தடித்து, காய்ச்சல் வந்து, உள்ளுறுப்பு வரை பாதிக்கிற கடுமையான ஒவ்வாமை வரலாம் என்பது அதன் சாரம். எங்கள் பக்கம் நடவுக்குப் போகிற பெண்கள் இதைக் காலையில் கடுங்காப்பியோடு, வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வயலில் இறங்குகிறார்கள். நாள் முழுக்கச் சேற்றில் குனிந்தே நிற்க வேண்டுமே. அடிவயிற்று வலியோடு குனிந்து நிற்பது என்னவென்று எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள், எனக்கே இந்தப் பாடு. சாயங்காலம் அவர்களுக்கு நெஞ்செரிச்சல் வரும், அதற்கு ஒரு மாத்திரை. வலிக்குக் காரணம் என்ன என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்ப்பதற்கு ஒரே வழி அந்த ஸ்கேன்தான், அந்த அறையின் கதவில்தான் தாள் ஒட்டியிருக்கிறது.

இனி என் விவரம். முதல் ஸ்கேன் வெளியில் எடுத்தேன், ஆயிரம் ரூபாய் ஆயிற்று. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அந்தக் கூலியை நம்பியிருப்பவளுக்கு அது மூன்று நாள் சம்பளம். வலது சினைப்பையில் 5.8 செ.மீ. அளவில் சாதாரண நீர்க்கட்டி, உள்ளே கெட்டியான பகுதி எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவமனைக்கு வந்தேன். அங்கே இருந்த டாக்டரம்மாவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கூட்டத்துக்கு நடுவிலும் பேனாவால் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். மாதவிலக்கு வருகிற வயதில் இந்த மாதிரிக் கட்டிகள் சகஜம், சின்னதாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே வற்றிவிடும் என்றார். உனக்கு 5 செ.மீ.யைத் தாண்டியிருக்கிறது, அதனால் விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டே வர வேண்டும், வளர்ந்தாலோ உள்ளே கெட்டியாக ஏதும் தெரிந்தாலோ ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம், அவசரப்பட்டு வயிற்றைக் கிழிக்க வேண்டாம் என்றார். பி.சி.ஓ.டி. என்று சின்னப் பெண்களுக்குச் சொல்கிறார்களே அது வேறு, அதில் பொடிப்பொடியாக நிறைய இருக்கும், பொதுவாக இப்படி வலிக்காது, யாராவது 'எடையைக் குறை, சரியாகிவிடும்' என்று சொன்னால் இந்த ரிப்போர்ட்டைக் காட்டு என்றும் சொன்னார். திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி வந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடி வா என்றார். கடைசியில் சீட்டில் எழுதினார்: மூன்று மாதம் கழித்து மறு ஸ்கேன்.

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. இந்த நோய்க்குப் பாதி வைத்தியம் கவனித்துக்கொண்டிருப்பதுதான். கவனிக்கிற கருவி ஸ்கேன். மூன்று மாதம் கழித்து, எழுதிக் கொடுத்த அதே சீட்டோடு அதே மருத்துவமனைக்குப் போனேன்.

வயிற்றின் மேல் வைத்து எடுக்கிற ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்தே தண்ணீர் குடித்துக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் கர்ப்பிணிகள். அவர்களும் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள். நிறைந்த மூத்திரப்பை ஒரு பக்கம், கட்டி ஒரு பக்கம், நடுவில் என் பொறுமை. கால் மேல் கால் போட முடியவில்லை, நிமிர்ந்து உட்காரவும் முடியவில்லை. பெஞ்சின் நுனியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரில் தோளை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஏழு மாதமாக இருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க மொதல்ல போங்க, ரொம்பக் கஷ்டப்படுறீங்க" என்று தன் டோக்கனை நீட்டினாள். உள்ளே போனேன்.

"எத்தன மாசம்?"

"மாசமா இல்லீங்க சிஸ்டர். கட்டி. மறு ஸ்கேன் எழுதியிருக்காங்க."

"கதவுல ஒட்டியிருக்கறதப் படிக்கலியா? வெளில எடுத்துட்டு வாங்க."

"டாக்டரம்மாதான் இங்க எடுக்கச் சொன்னாங்க."

"அவங்க எழுதுவாங்க. இங்க ரூல் இது."

அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். வெளியில் அத்தனை பேர் காத்திருந்தார்கள், மேலே இருந்து வந்ததை அவர் சொன்னார், அவ்வளவுதான். வெளியே வந்து கழிவறையைத் தேடினேன். தாழ்ப்பாள் இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா வெளியில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

உங்கள் தரப்பில் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் அதையும் எழுதிவிடுகிறேன். ஸ்கேன் மிஷினை யார் வேண்டுமானாலும் தொட முடியாது, சட்டம் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டம். அது வேண்டிய சட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மிஷினைப் பதிவு செய்ய வேண்டும், தகுதியுள்ள மருத்துவர்தான் எடுக்க வேண்டும், கர்ப்பிணிக்கு எடுத்தால் 'படிவம் எஃப்' நிரப்ப வேண்டும். அந்தச் சட்டத்தில் எந்த இடத்திலாவது கர்ப்பமில்லாதவளுக்கு ஸ்கேன் எடுக்காதே என்று இருக்கிறதா? எனக்கு ஸ்கேன் எடுத்தால் அந்தப் படிவம்கூட வேண்டாம்.

ஆள் இல்லை என்பீர்கள். ஸ்கேன் டாக்டர் வேறொரு மருத்துவமனையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார் என்பது எனக்கும் தெரியும். அந்த இரண்டு நாளும் கர்ப்பிணிகளுக்கே பற்றவில்லை. அவர்களுடைய வரிசையில் புகுந்து இடம் கேட்கவில்லை. ஏழு மாத வயிற்றோடு எனக்கு டோக்கன் நீட்டியவளிடமிருந்து எதைப் பிடுங்குவது? ஆனால் ஆளை உண்டாக்க வழி இருக்கிறது. எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவர் ஆறு மாதம் பயிற்சி எடுத்துத் தேர்வு எழுதினால் வயிற்று ஸ்கேன் எடுக்கலாம் என்று 2014இலேயே விதி வந்துவிட்டது. தாலுகாவுக்கு ஒரு மருத்துவரை அந்தப் பயிற்சிக்கு அனுப்புவது உங்கள் துறையால் ஆகாத காரியமா?

மருத்துவக் கல்லூரிக்குப் போகலாமே என்பது மூன்றாவது பதில். திருவாரூரில் 2010இல் மருத்துவக் கல்லூரி வந்தது, நாகப்பட்டினத்தில் 2022இல் வந்தது, தஞ்சாவூரில் எங்கள் பாட்டி காலத்திலிருந்தே இருக்கிறது. வந்தது நல்லதுதான். ஆனால் கட்டி வளர்ந்திருக்கிறதா இல்லையா என்று பத்து நிமிஷம் பார்ப்பதற்கு எல்லோரையும் அங்கே துரத்தினால், அங்கே சேர வேண்டிய பெரிய நோயாளிக்கு யார் ஸ்கேன் எடுப்பது? காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, ஸ்கேனுக்குத் தேதி வாங்கித் திரும்புவதற்குள் இருட்டிவிடும். எடுப்பதற்கு இன்னொரு நாள், ரிப்போர்ட்டைக் காட்டுவதற்கு வேறொரு நாள். மகளிருக்கு டவுன் பஸ் இலவசம்தான், விட்டுப்போன கூலியை எந்த பஸ்ஸும் கொடுக்காது.

இதையெல்லாம் சும்மா வசதிக்காகக் கேட்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வயது முப்பதுக்குள். இரண்டு பிள்ளைகள், நடவு, களை என்று எதற்கும் போவாள். அடிக்கடி வலது பக்கம் வலிக்கிறது என்பாள், மாத்திரை போட்டுக்கொள்வாள். ஒருநாள் களை பறித்துக்கொண்டிருந்தவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாந்தி நிற்கவில்லை. பக்கத்து அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள். அல்சராக இருக்கும், இல்லாவிட்டால் குடல்வால், காலையில் பார்க்கலாம் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஊசிக்கு ராத்திரி கொஞ்சம் அடங்கி, விடியற்காலையில் மறுபடியும் பிடித்துக்கொண்டது. ஆட்டோ வைத்து மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்பினார்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூடியிருந்தது. மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது. சினைப்பையில் கட்டி இருந்திருக்கிறது. அந்தக் கனத்தில் சினைப்பை தன் காம்போடு முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று, கறுத்துப்போயிருந்தது. எடுத்துவிட்டார்கள். சில மணி நேரத்துக்குள் திறந்து முறுக்கைப் பிரித்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கே சொன்னார்களாம். மாமியார், "இன்னொண்ணு இருக்குல்ல, ரெண்டு புள்ளயும் பொறந்தாச்சு, என்ன இப்ப?" என்றார். அந்தம்மா வருத்தத்தில் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் உங்கள் துறையின் குரலும் கேட்கிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், பிள்ளை பெறுகிற காரியத்தில் உங்கள் துறை செய்வது கொஞ்சமில்லை. பெயர் பதிவு, ஊசி, இரும்புச்சத்து மாத்திரை, சத்து மாவு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய். அந்த விண்ணப்பங்களையும் நான்தான் எத்தனையோ பேருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். கிராம நர்ஸ் வீடு தேடி வந்து தேதி சொல்லிவிட்டுப் போவார். எங்கள் அம்மா காலத்துக்கும் இப்போதைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிள்ளை பிறந்து, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆகிவிட்டால் அதே பெண் உங்கள் பதிவேட்டிலிருந்து காணாமல் போகிறாள். கல்யாணம் ஆகாதவள் அதில் ஏறவே இல்லை. மாதவிலக்கு நின்றவளைக் கேட்கவே வேண்டாம். அந்த வயதில் சினைப்பையில் கட்டி வந்தால் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், புற்றுநோயா என்று பார்க்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த வயதுப் பெண்களுக்கு வயிறு உப்பினால் வாயு, பசி குறைந்தால் வயசு. முத்துலட்சுமி ரெட்டி பிரசவத்தோடு நிற்கவில்லை. சகோதரி புற்றுநோயில் இறந்ததை மறக்காமல் 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைக் கொண்டுவந்தவர் அவர். அவர் பெயரைப் பாதித் திட்டத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டோமோ என்று எனக்குத் தோன்றும்.

காப்பீடு இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டுக்கு வீடு இருக்கிறது, வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ஆபரேஷன் என்று படுத்தால் அது கைகொடுக்கிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று பார்க்கிற முதல் ஸ்கேனுக்கு மட்டும் நாங்கள் வெளியில்தான் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் கேட்பது இவைதான்.

முதலில் அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். செவ்வாயும் வெள்ளியும் கர்ப்பிணிகளுக்கே இருக்கட்டும். மற்ற பெண்களுக்கென்று வாரத்தில் ஒரு நாள், அரை நாளானாலும் சரி, ஒதுக்குங்கள். இப்போது வருகிற ஸ்கேன் டாக்டரை இன்னொரு நாளும் வரச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். நிரந்தர ஏற்பாடாக, இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலிருந்தும் ஒரு மருத்துவரை ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்புங்கள். போகிறவருக்குப் பதில் ஆள் போடாமல் அனுப்பினால் ஓ.பி. படுத்துவிடும், அதையும் சேர்த்து யோசியுங்கள்.

மறு ஸ்கேன் என்று மருத்துவர் எழுதினால் தேதியையும் அப்போதே சீட்டில் போட்டுக் கொடுக்க வேண்டும். 'மூன்று மாதம் கழித்து' என்று எழுதிவிட்டு மூன்று மாதம் கழித்து வருகிறவளை வெளியே அனுப்புவது, மருத்துவர் எழுதியதை மருத்துவமனையே அடித்துவிடுவது. இதற்குச் செலவு எதுவும் இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

திடீர் அடிவயிற்று வலியோடு வாந்தி எடுத்துக்கொண்டு ஒரு பெண் வந்தால், அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், சினைப்பை முறுக்காகவும் இருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கும்படி ராத்திரிப் பணியில் இருக்கிற எல்லோருக்கும் எழுத்தில் உத்தரவு போடுங்கள். ஸ்கேன் எடுக்க வழி இல்லாத நேரமானால், ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பாமல், பெரிய மருத்துவமனைக்கு போன் செய்து சொல்லி, 108இல் ஏற்றி அனுப்புங்கள். எங்கள் தெருப் பெண்ணுக்குப் போனது திரும்பி வராது. அந்த மருத்துவமனையில் அன்றைக்கு என்ன நடந்தது என்று நீங்கள் விசாரிக்க நினைத்தால், அவள் பேசத் தயாராக இருக்கிறாள்.

ஓ.பி.யில் கல்யாணம், குழந்தை, மாதவிலக்கு பற்றிய கேள்விகளை உள்ளே, டாக்டர் அறையில் கேளுங்கள். மருத்துவத்துக்கு வேண்டிய கேள்விகள்தான், வரிசைக்கு வேண்டியவை அல்ல. ஸ்கேன் அறைக்குப் பக்கத்துக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். இதை மேலதிகாரிக்கு எழுத வேண்டியிருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் 2021இலிருந்து பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குப் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் கேட்கிற கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொல்லிச் சுகாதாரத் துறை அலுவலருக்குப் பரிந்துரை செய்யுங்கள்: அடிவயிற்றில் அடிக்கடி வலி இருக்கிறதா, அதற்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள்? வாசலில் ஒரு பெண் கேட்டால் இன்னொரு பெண் பதில் சொல்லிவிடுவாள். கிடைக்கிற பதில்களை எழுதிவைத்தாலே வாரத்தில் எத்தனை ஸ்கேன் தேவைப்படும் என்ற கணக்கு உங்கள் கைக்கு வந்துவிடும்.

இப்போது குறுவை நடவு நடக்கிறது. புரட்டாசியில் சம்பா நடவு தொடங்கினால் இந்தப் பக்கத்துப் பெண்கள் யாரும் மருத்துவமனைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு வயலில் நிற்பார்கள். அதற்குள் அந்த அரை நாளையாவது தொடங்கிவிடுங்கள். முடியாது என்றால் என்ன காரணத்தால் முடியாது என்பதை எழுத்தில் கொடுங்கள். அதை இணைத்து அடுத்த மனுவை யாருக்கு எழுதுவது என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
வெண்ணாற்றங்கரையில் மனு எழுதிப் பிழைக்கும் ஒருத்தி